பழகிய மலையும் பெருமழையும்

நம் சமயத்திற்குரிய தலங்களுட் பல மலைமேல் அமைந்தவை. திருச்சிராப்பள்ளி, திருக்கழுக்குன்றம், திருச்செங்கோடு, திருவண்ணாமலை முதலிய இடங்கட்கு ஆண்டுதோறும் குறித்த நாளிற் சென்று வழிபடுதலை நியமமாகக் கொண்ட அடியார் பலர். அவருள் இருபது முப்பது ஆண்டுகள் ஒரு மலையையே ஏறி இறங்கினவர் அம்மலையைத் தம் இல்லத்து முற்றம்போல அறிவர். சுனை இவ்விடத்து, இளைப்பாறும் நிழல் இவ்விடத்து, வழுக்கும் பாறை இவ்விடத்து என்று கண்ணை மூடிக்கொண்டும் கூறுவர். அங்ஙனம் பழகிய ஒருவர், தாம் ஏறுதற்குக் குறித்த நாளிற் புயலும் பெருமழையும் வந்துற்றால், ஏறுதல் முறையா, நிற்றல் முறையா என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருளாம்.

‘இஃது உலகியல் பற்றிய வினா, வானிலை அறிவார் விடை கூறுதற்குரியது, தத்துவ ஆராய்ச்சிக்கு இதன்கண் என்ன வேலை?’ என்பார் உளர். ‘ஏறுதலே அன்பின் உறுதி; நிற்றல் அச்சத்தின் பயன்; இதில் ஆராயத்தக்கது யாதும் இல்லை’ என்பாரும் உளர். இவ்விரு திறத்தாரும் வினாவின் உள்ளீட்டை நோக்கிற்றிலர். அறிவாவது யாது, அறிவுபோலத் தோன்றுவது யாது. அன்பாவது யாது, அன்பின் உருவில் வரும் தற்போதம் யாது. நியமம் நிறைவேறுதல் என்பது யாது என்னும் மூன்று வினாக்கள் இதனுள் அடங்கிக் கிடக்கின்றன. இம்மூன்றும் சித்தாந்தத்துக்குப் புறம்பான வினாக்கள் அல்ல.

வெறுங் கற்பனையிற் செல்லாது நடந்தது ஒன்றைக் கொண்டு ஆராய்வாம். திருவண்ணாமலை 2,668 அடி உயரமுடையது. அதன் உச்சியிற் கார்த்திகைத் திருநாளில் ஏற்றப்படும் மகாதீபம் பதினொரு நாள் எரியும். கார்த்திகைத் திங்களோ வடகிழக்குப் பருவமழை பெய்யுங் காலம். வங்கக் கடலிற் புயல் எழுதற்குரிய காலமும் அதுவே. ஆதலின் தீபநாளும் மழைநாளும் ஒன்றை யொன்று அடுத்து வருதல் அத்தலத்துக்கு இயல்பாம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகிற் கரை கடந்தது. மறுநாளாகிய டிசம்பர் 1-ஆம் நாள், திருவண்ணாமலையிற் பெய்த பெருமழையால் மலைச்சரிவினின்றும் மண்ணும் பெரும்பாறையும் சரிந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகர்ப் பகுதியில் இருந்த வீட்டின்மேல் விழுந்தன. சிறுவர் உட்பட ஏழு பேர் உயிர் நீத்தனர். அவர் மலையேறச் சென்றவர் அல்லர். நாடோறும் மலையைக் கண்டு அதன் நிழலில் வாழ்ந்தவர். அவரைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. நாடோறும் பார்த்த மலை ஒரு மாலைப்பொழுதில் வேறு மலையாயிற்று என்பதே நாம் நினைத்தற்குரியது.

அவ்வாண்டுத் தீபத் திருநாள் டிசம்பர் 13-ஆம் நாள் வந்தது. நிலவியல் வல்லுநர் மலையை ஆராய்ந்தனர். முன்னைய 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் தீபநாளன்று 2,500 பேர்க்கு மலையேற இசைவு அளிக்கப்பட்டிருந்தது. 2024-இல் அடியார் கூட்டத்துக்கு அவ்விசைவு இல்லையாயிற்று. கொப்பரை, நெய், திரி ஆகியவற்றைக் கொண்டு சென்று தீபம் ஏற்றுதற்கு வேண்டியவர் மட்டுமே ஏறினர். தீபம் குறித்த நாளில் குறித்தவாறே ஏற்றப்பட்டது. இங்ஙனம் நின்றுவிட நேர்ந்தவழித் தம் நியமம் கெட்டதென்று வருந்துவாரும், ‘எமக்குப் பழகிய மலையை எமக்கே அடைப்பதோ’ என்று வெகுள்வாரும் எக்காலத்தும் உண்டு. அவ்வருத்தமும் அவ்வெகுளியும் தக்கனவோ என்பதை முறையே நோக்குவாம்.

முதலில், பழக்கம் என்பது எவ்வகை அறிவு? ஐயம், திரிபு, நினைப்பு என்னும் மூன்றன் கலப்பும் இன்றிப் பொருளை உள்ளவாறு விளக்குவதே அளவையாம் என்பது நம் நூலார் துணிபு. ஐயமும் திரிபும் நீக்கப்படுதற்குக் காரணம் எளிதின் விளங்கும். நினைப்பு ஏன் நீக்கப்பட்டது? நினைப்புப் பெரும்பாலும் பொய்யன்றே எனின், உண்மை; அது பொய்யன்று; ஆயினும் பழையது. காட்சி இப்பொழுது எதிர்நின்ற பொருளைப் பற்றி எழுவது. நினைப்போ முன்னொரு காலத்துக் கண்ட காட்சி உள்ளத்திற் பதித்த வாசனையைப் பற்றி எழுவது. பொருள் மாறாது நின்றவழி இரண்டும் ஒத்துச் செல்லும். அதனால் இரண்டும் ஒன்றே என்னும் மயக்கம் விளையும். பொருள் மாறியவழி நினைப்பு மாறுவதில்லை. அப்பொழுது அது நேற்றைய மலையை இன்றைய மலைமேற் போர்த்துக் காட்டும்.

மலை மாறுமோ எனின், மாறும். வெயிற் காலத்துச் சரிவில் மண்துகள்களின் இடைவெளியிற் பெரும்பாலும் காற்றே நிற்கும். பெருமழையில் அவ்விடைவெளிகளில் நீர் புகுந்து நிறையும். மண்ணின் எடை மிகும். நிறைந்த நீர் துகள்களை ஒன்றினின்று ஒன்று விலகத் தள்ளுதலால் அவற்றின் பிடிப்புக் குறையும். மேல்மண்ணுக்கும் அதன் கீழ்க் கிடக்கும் பாறைக்கும் இடையே நீர் பரந்தால், அதுவே மண் முழுதும் வழுக்கி இறங்குதற்குத் தளமாம். சரிவிற் பன்னெடுங்காலம் அசையாது நின்ற உருண்டைப் பாறை தன் வலியால் நின்றதன்று. தன்னைப் பற்றியிருந்த மண்ணின் வலியால் நின்றது. மண் நெகிழ்ந்தபின் பாறையின் பழமை அதனைக் காவாது. மழை நின்ற பின்னரும் நீர் உள்ளிறங்குதல் உடனே நில்லாமையின், வானம் வெளுத்த பிறகும் சரிவு நிகழ்தல் உண்டு. இவற்றுள் ஒன்றும், முப்பதாண்டு நல்ல நாளில் ஏறினவரது நினைப்பில் இல்லை. அவர் அறிந்தது உலர்ந்த மலையை.

‘மழை கண்ணுக்குப் புலனாவதுதானே, பெய்யக் கண்டால் இறங்கிவிடலாம்’ எனின், அதுவும் எக்காலத்தும் பொருந்தாது. மேற்றொடர்ச்சி மலையிலுள்ள சதுரகிரிக்குச் செல்லும் வழி ஓடைகளைக் கடந்து செல்வது. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே காட்டாறு திடீரெனப் பெருகி வழிபடச் சென்றோர் பலர் உயிரிழந்தனர். மலைமேற் பெய்த மழை கீழே நிற்பவன் தலையில் விழுதல் வேண்டும் என்னும் நியதி இல்லை. அவன் நிற்குமிடத்து வெயில் எறிக்க, அவன் காணாத உச்சியிற் பெய்த நீர் அவன் காலடிக்கு வந்து சேரும். கணுக்காலளவு நீராகக் காலையிற் கடந்த ஓடை மாலையில் மீள்வோனுக்கு ஆறாய் நிற்கும்.

இவ்விடத்தில் அளவைகள் மூன்றும் நமக்குத் துணையாதலை அறிதல் வேண்டும். காட்சி தடைப்பட்டவழிக் கருதல் உண்டு. புகை கண்டு தீயுண்மை துணிதல் போல, தெளிந்தோடும் ஓடை கலங்கிச் சருகும் சுள்ளியும் சுமந்து வரக் கண்டு, மேலே பெருமழை உண்மை துணியலாம். கருதலும் செல்லாதவழி உரை உண்டு. அஃதாவது, அம்மலையில் வாழ்வாரும், அதனைக் காத்தற்கு அமைந்தாரும், அதன் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தாரும் கூறுஞ் சொல். மறைப்பொருளில் இறைவன் நூலே உரையளவையாமாயினும், உலகப் பொருளில் அதனை அறிந்து வஞ்சமின்றிக் கூறுவார் சொல்லும் கொள்ளத்தக்கதே. பழக்கத்தையே பற்றி நிற்பவனோ, காட்சியை நோக்கி ‘இம்மேகம் கலைந்துவிடும்’ என்கின்றான். கருதலை நோக்கி ‘முன்னும் இவ்வாறு கலங்கியதுண்டு’ என்கின்றான். உரையை நோக்கி ‘இவர் எனக்கு இம்மலையைக் கற்பிப்பதோ’ என்கின்றான். அளவை மூன்றனையும் தள்ளி, அளவையல்லாத நினைப்பு ஒன்றனைக் கைக்கொள்கின்றான். இதனை அறிவுடைமை என்று எங்ஙனம் கூறுவது?

இனி, இதனினும் நுண்ணியது ஒன்று உண்டு. இருளுக்கும் ஆணவத்துக்கும் உள்ள வேறுபாட்டை உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் விளக்கினார். இருள் ஏனைப் பொருளை மறைக்குமேனும் தன்னை இருளென்று காட்டி நிற்கும்; ஆணவமோ பிறிதொன்றைக் காட்டாமையே யன்றித் தன்னையும் காட்டாது என்பது அதன் கருத்து. மலைமேல் நிகழ்வதற்கும் இஃது ஒக்கும். மூடுபனி வழியை மறைக்கின்றது. ஆயினும் ‘யான் மறைக்கின்றேன்’ என்று தன்னைக் காட்டிக்கொண்டே மறைக்கின்றது. அதனாற் புதியவன் அதனைக் கண்டு நிற்கின்றான், தடியை ஊன்றிப் பார்க்கின்றான், வழி வினாவுகின்றான். பழக்கமும் வழியை மறைக்கின்றது. ஆனால் தன்னை மறைப்பென்று காட்டாது, விளக்கென்று காட்டுகின்றது. பனியினால் மட்டும் தடுக்கப்பட்டவன் தான் காணாமையை அறிவான். பழக்கத்தினால் மறைக்கப்பட்டவன் தான் காண்பதாகவே எண்ணிக் காலெடுத்து வைப்பான். ஆதலின் புயற்காலத்துப் பழகிய மலையில் மறைப்பு இரண்டு உள. அவற்றுள் வெளியே நின்ற மறைப்பினும் உள்ளே நின்ற மறைப்பே கொடிது.

அற்றேல், பழக்கம் எவ்வாற்றானும் பயனற்றதோ எனின், அன்று. திருக்காளத்தி மலையைத் திண்ணனார்க்கு அறிவித்தவன் நாணன். அவன் முன்னரே அவ்விடத்தை அறிந்தவன். அங்கே குடுமித்தேவர் இருத்தலைக் கூறி, உடன் ஏறினவனும் அவனே. அவன் பழக்கம் இல்லையேல் திண்ணனார்க்கு வழி தெரிந்திராது. ஆயினும் குடுமித்தேவரை முன்னமே அறிந்திருந்த நாணனுக்கு அவ்வறிவு ஒரு பழஞ்செய்தியாகவே நின்றது. அன்று முதன்முறை கண்ட திண்ணனார்க்கோ, கண்டபொழுதே எல்லாம் மாறிற்று. பழக்கம் வழி சொல்லும் ஏவலனாய் நிற்குங்கால் நன்று. காணும் கண்ணாகத் தன்னை வைத்துக்கொள்ளுங்காற் குற்றம். மழைநாளில் வழி கூறுதற்குப் பழகினவன் வேண்டும்; ஆனால் அவன் முன்னைய ஆண்டுகளை யெல்லாம் ஒருபுறம் வைத்து, இன்றுதான் இம்மலையைக் காண்பவன்போலக் காணுதலும் வேண்டும்.

இனித் தடைகள் சிலவற்றை ஆராய்வாம். ‘வருவது வரும், பிராரத்தத்தில் உள்ளது வீட்டிலிருப்பினும் விடாது, இல்லாதது மலைமேலும் வாராது, ஆதலின் ஏறுதலால் வரும் கேடு யாது?’ என்பர் ஒரு சாரார். இவர் பிராரத்தத்தை மட்டும் கூறி ஆகாமியத்தை மறந்தனர். நுகர்ச்சிக்கு வந்த வினை ஒருபுறம் நிற்க, அந்நுகர்ச்சியினூடே இப்பொழுது நாம் செய்வதும் வினையாய் ஏறுகின்றது. எச்சரிக்கையைத் தள்ளிச் செல்லுதல் ஒரு செயல். தன்னை நம்பினாரையும் உடனழைத்துச் செல்லுதல் மற்றொரு செயல். இவற்றின் பொறுப்பை ஊழின்மேல் ஏற்றுதல் இயலாது. அன்றியும், இக்கூற்றைச் சொல்வார் பசித்தால் உண்கின்றனர். வீட்டில் மழைச்சாரல் அடித்தாற் கதவைச் சாத்துகின்றனர். கதவைச் சாத்தும்போது நினையாத ஊழை மலையடியில் மட்டும் நினைத்தல் கொள்கையாகாது. தாம் விரும்பியதற்குக் கொள்கையைத் துணையழைத்தலாம்.

‘மலையே சிவமாயின் சிவன் தன் அடியாரைக் காவானோ?’ என்பர் மற்றொரு சாரார். காப்பான் என்பதில் ஐயம் இல்லை. காக்குமாறு யாது என்பதே வினா. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிரின் மலம் நீங்குதற்பொருட்டு அவன் அருளாற் கூட்டியவை. காண்பதற்குக் கண்ணைத் தந்தான். காணும் கண்ணுக்கு உயிர் துணையாதல்போல உயிர்க்கு உயிராய் உடனின்று காட்டியும் கண்டும் உதவுகின்றான். நம்மினும் அறிந்தாரை நம்மிடை வைத்து அவர் வாயிலாகவும் அறிவுறுத்துகின்றான். இக்கருவிகளை யெல்லாம் தள்ளிவிட்டு வேறொரு காவலை வேண்டுதல், கண்ணைத் தந்தவனை நோக்கி, யான் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன், நீ வழிகாட்டுக என்றலை ஒக்கும். இஃது அடைக்கலமாதல் அன்று, அவனைச் சோதித்தலாம். உடம்பினுள் இறைவன் கோயில் கொண்டிருத்தலைக் கண்டபின் உடம்பைப் பேணிக் காத்ததாகத் திருமூலர் கூறியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மூன்றாவது தடையே வலியது. ‘திருக்கயிலைக்குச் சென்ற திருநாவுக்கரசர் திரும்பினாரோ? காலும் கையும் தேயவும், மார்பினால் ஊர்ந்தும் புரண்டும் சென்றாரன்றோ? முனிவர் ஒருவர் மீள்க என்று கூறியபோதும், இவ்வுடம்பு கொண்டு காணாது மீளேன் என்றாரன்றோ? அவர் வழியிற் செல்லுதல் குற்றமாமோ?’ என்பர். இதற்கு விடை மூன்று.

முதலாவது, அரசர் சென்றது பழகிய மலைக்கு அன்று. ‘முன்னும் ஏறினேன், இன்னும் ஏறுவேன்’ என்னும் எண்ணம் அவர்பால் எழுதற்கு இடமே இல்லை. அவர் நம்பியது தம் காலின் வலிமையையும் அன்று. கால் தேய்ந்தபின்னும் சென்றார். நாமோ பெரும்பாலும் நம் காலையும் நம் பழக்கத்தையும் நம்பியே ஏறுகின்றோம். இடையூறு வந்தபின்னரே இறைவன் பெயரைக் கூறுகின்றோம்.

இரண்டாவது, வழியின் அருமையை நினைந்து, உடன்வந்தாரைக் காசியிலேயே நிறுத்திவிட்டுத் தனியே சென்றார் என்பது பெரியபுராண வரலாறு. தாம் மேற்கொண்ட துன்பத்திற் பிறரை ஈடுபடுத்த அவர் உடன்படவில்லை. புயற்காலத்து மலையேறுவோர் இதனைக் கருதுவதில்லை. ஒருவர் ஏறி வழிதவறினால் அவரைத் தேடுதற்குப் பத்துப் பேர் அதே மழையில் அதே சரிவில் ஏறுதல் வேண்டும். அவர்தம் உயிரையும் பணயமாக வைத்தே இவர் தம் நியமத்தை நடத்துகின்றார்.

மூன்றாவது, அரசர் முடிவில் திரும்பினார். கயிலையிற் சென்று காணாமல், இறைவன் பணித்தவாறு அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். கயிலைக் காட்சியை அங்கேயே கண்டார். ஏறுதலில் உறுதியாய் நின்ற அதே அன்பு, பணிப்பு வந்தபொழுது மீளுதலிலும் குறையாது நின்றது. அவர் வேண்டியது மலையை அன்று, இறைவனை. ஆதலின் இறைவன் எங்கே காட்டினானோ அங்கே கண்டார். அவர் ஏறியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டதை விட்டுவிடுவார் வரலாற்றிற் பாதியையே கற்றவராவர்.

இனி, கடமையும் வேட்கையும் வேறுபடுமாறு காண்க. 2024-இல் மலையேறினாரும் உளர் அன்றோ எனின், உளர். தீபம் ஏற்றும் உரிமை பருவதராச குலத்தார்க்கு வழிவழியாக உரியது. அவர் ஏறாவிடின் தீபம் இல்லை. ஏறினார் அனைவரும் ஒரு பணியின்பொருட்டு, எண்ணி வரையறுத்த தொகையினராய், இடர் இன்னதென்று அறிந்து சென்றனர். ஏனையோர் ஏறினும் ஏறாவிடினும் தீபத்துக்குக் குறைவு யாதும் இல்லை. முன்னையது பிறர்பொருட்டு ஏற்ற இடர். பின்னையது தன்பொருட்டுத் தேடிய இடர். இரண்டும் ஒரே வழியில் ஒரே மழையில் நிகழினும் ஒன்றாகா. ‘அவர் ஏறினாரே, யான் ஏறினால் என்?’ என்று கேட்பவன், ‘என் ஏற்றத்தால் நிறைவேறும் பணி யாது?’ என்று முதலில் தன்னைக் கேட்டல் வேண்டும்.

பழகினவன் தனியே செல்லாது கூட்டத்துக்குத் தலைவனாய்ச் செல்லுங்கால் பொறுப்புப் பன்மடங்காம். அவன் பின்னே முதியோர் வருகின்றனர், சிறுவர் வருகின்றனர், முதன்முறை ஏறுவார் வருகின்றனர். அவர்க்கு மலையைப் பற்றி யாதும் தெரியாது. அவனைப் பற்றியே தெரியும். அவன் கூறும் ‘ஒன்றும் இல்லை, வாருங்கள்’ என்னும் சொல் அவர்க்கு உரையளவையாகின்றது. அவனோ அச்சொல்லைக் காட்சியிலிருந்து எடுத்தானல்லன், நினைப்பிலிருந்து எடுத்தான். தன்னிடத்து அளவையாகாத ஒன்றைப் பிறர்க்கு அளவையாக்கிக் கொடுத்தல் பெரும்பிழை. தன்னுயிர்க்கு ஒருவன் துணிதல் வேறு. தன்னை நம்பினார் உயிர்க்குத் துணிதல் வேறு.

இவ்விடத்து நூல் பயின்றார்க்கும் ஒரு சொல் உண்டு. நம்மனோர்க்குச் சித்தாந்த சாத்திரங்களே பழகிய மலை. சூத்திரமும் உரையும் நாவில் நிற்கின்றன. தடையும் விடையும் வரிசையாய் வருகின்றன. நல்ல நாளில் அம்மலையைப் பலகால் ஏறி இறங்கியிருக்கின்றோம். ஆயினும் மகவை இழந்தார் ஒருவர் நம்முன் வந்து, ஏன் இங்ஙனம் ஆயிற்று என்று அழுது நிற்கும்போது, பழகிய விடை நாவில் எழுகின்றது. அது அவர் நெஞ்சிற் சென்று ஊன்றுவதில்லை, மழைநனைந்த பாறையிற் காலடிபோல வழுக்குகின்றது. விடை பொய்யானமையின் அன்று. முன்னொருகாற் கற்றதை இப்பொழுது காணாமற் கூறினமையின். ஆசிரியன் என்பான் கற்றதை நினைப்பவன் மட்டும் அல்லன்; எதிரிருக்கும் மாணாக்கனது பக்குவத்தை அன்றன்று கண்டு கூறுபவன். மலையில் வழிகாட்டிக்கும் மடத்தில் ஆசிரியனுக்கும் இலக்கணம் இதன்கண் ஒன்றே.

இறுதியாக, நியமம் கெட்டதோ என்னும் வினா. அண்ணாமலையில் மலை இறைவன் இருக்கும் இடம் மட்டும் அன்று. மலையே இறைவன் திருமேனி என்பது வழிவழிவந்த கொள்கை. அதனால் அதன்மேற் கால் வைக்க அஞ்சி, 14 கிலோமீட்டர் வழியை வலம்வருதலோடு நிற்பார் இன்றும் உளர். கயிலை மலையிற் காலால் நடக்க அஞ்சித் தலையால் நடந்தவர் காரைக்காலம்மையார் என்பதும் யாவரும் அறிந்ததே. மலை திருமேனியாயின் அதன் அடிவாரம் திருவடியாம். திருவடியில் நிற்க நேர்ந்தவன் குறைந்த இடத்தில் நின்றவனாவனோ? அன்றியும், தீபநாள் மாலையில் திருக்கோயிலில் அர்த்தநாரீசுவரர் சிறிது நேரமே வெளியே எழுந்தருளிக் காட்சி தருவர். அவ்வேளையில் உச்சியில் தீபம் ஏற்றப்படும். உச்சியில் நிற்பவர்க்கு அக்காட்சி இல்லை. கீழே நிற்பவர்க்கு அருகிருந்து சுடரைக் காண்டல் இல்லை. ஆயின் சுடர் ஏற்றப்படுவதே தொலைவில் நிற்பார் காண்டற்பொருட்டன்றோ? எங்கும் நிறைந்தானை நோக்கி, ‘அங்கே சென்றிலேன், ஆதலின் இழந்தேன்’ என்றல் பொருந்தாது.

அங்ஙனமாயின் மனம் ஏன் வருந்துகின்றது? நன்கு ஆராயின், வருத்தத்தின் அடியில் ஓர் எண்ணிக்கை இருத்தல் கூடும். இத்தனை ஆண்டு இடைவிடாது ஏறினேன் என்னும் தொகை இவ்வாண்டு அறுந்தது என்பதே அவ்வருத்தம். வழிபாட்டை எண்ணி வைத்துக்கொண்டவன் அதனை இறைவன்பால் வைத்திலன், தன்பால் வைத்துக்கொண்டான். ஏறுங்கால் வரும் மகிழ்ச்சியும் நிற்குங்கால் வரும் வருத்தமும் ஒத்துத் தணிதல் இருவினையொப்பை நோக்கிய சிறு பயிற்சியாம். அப்பயிற்சிக்கு வெயில்நாள் உதவாது, மழைநாளே உதவும். ஆதலின் ஏறாது நின்ற ஆண்டு, நின்றவாற்றை அறிந்தவனுக்கு, ஏறிய ஆண்டுகள் தாராத ஒன்றைத் தருதலும் உண்டு.

அண்ணாமலைக்கு உரிய வரலாறே இதனை முடிவாக உணர்த்துகின்றது. சோதிப் பிழம்பாய் நின்ற இறைவனது முடியைத் தேடி அயன் சென்றான். அடியைத் தேடி மால் சென்றான். இருவரும் தேடியது கண்டிலர். மால் திரும்பி வந்து, கண்டிலேன் என்று உள்ளவாறு கூறினான். அயனோ தாழம்பூவைச் சான்றாக்கி, முடியைக் கண்டேன் என்றான். திரும்பியதற்காக ஒருவரும் ஒறுக்கப்பட்டிலர். பொய் கூறியதற்கே ஒறுப்பு வந்தது. எல்லைக்குட்பட்ட உயிர் எல்லையில்லாததன்முன் திரும்புதல் இழிவன்று. எட்டாததை எட்டியதாகக் காட்டுதலே இழிவு. பெருமழையில், ‘எனக்கு இம்மலை தெரியும்’ என்று கூறுவோன் கையில் ஒரு தாழம்பூ இருத்தலை அவனே நோக்குதல் வேண்டும்.

ஆகவே துணிபொருள் இது. பழகிய மலைக்குப் புயற்காலத்துச் செல்ல நேர்ந்தவர், புறப்படுமுன்னரே இன்ன நிலை கண்டால் மீளுவேம் என்று வரையறுத்துக்கொள்ளுதல் முறை; இடைவழியிற் செய்யும் துணிபில் வேட்கை கலந்துவிடும். அங்கே வாழ்வார் சொல்லையும் ஆராய்ந்தார் சொல்லையும் கேட்டல் முறை. தம் வலிமையை அளவாகக் கொள்ளாது, உடன்வருவாருள் மெலியாரது வலிமையை அளவாகக் கொள்ளுதல் முறை. மீள நேர்ந்தால் எண்ணிக்கையை மறந்து அடிவாரத்தில் நின்று தொழுதல் முறை. இவை அன்பைக் குறைக்கும் எச்சரிக்கைகள் அல்ல. அன்பினின்றும் பழக்கத்தைப் பிரித்தெடுக்கும் சல்லடைகளாம். சலித்தபின் எஞ்சுவது எதுவோ அதுவே, மழை பெய்யினும் பெய்யாவிடினும், மலைமேலும் மலையடியிலும் ஒருபடித்தாய் நிற்பது.

திருச்சிற்றம்பலம்.